ஜோயலுக்குக் கொடுத்ததை எனக்கும் தாரும்

சபையாரே, பட்டிமன்ற மேடையில் எதிரணியை மூச்சுத் திணற வைத்தவன் நான். சென்ற ஆண்டு கரமனைப் பாலத்தை நடந்து கடக்க எனக்கே மூச்சு இல்லாமற்போயிற்று.

நானும் ஜோயலும் ஒரே மருத்துவமனையில், ஒரே வாரத்தில், செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டவர்கள். சில மாதங்களிலேயே அவன் பாடகர் குழுவில் உச்ச சுரம் எடுத்தான். எனக்கோ எழுந்து நின்றாலே கால் நடுங்கிற்று. அவன் முகத்தின் செழுமையைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் எரிந்தது. ஒரே நோய், ஒரே சிகிச்சை, சபையாரின் ஒரே ஜெபம். பலன் மட்டும் அவனுக்கா?

என் கண்கள் மஞ்சளாயின. மஞ்சள்காமாலை என்று அம்மா முடிவு கட்டினார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம் வேறு. இன்னும் வாடினேன். முழங்காலில் நின்று ஆண்டவரோடு வழக்காடினேன்: "ஜோயலுக்குக் கொடுத்ததை எனக்கும் தாரும்! அவனில் கண்ட எதை என்னில் காணவில்லை?"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜோயலே என்னிடம் வந்தான்.

"எடே, மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்துலயா போவுது?"

"காமாலைன்னா அப்பிடித்தான். உனக்கென்ன?"

"காமாலையும் மண்ணாங்கட்டியும்! கண்ணு மஞ்சளாகி மூத்திரம் கறுத்தா உடனே வந்துரணும்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கு நர்ஸ் சொன்னது ஓர்மை இல்லியா? நீ எங்க கேட்டே, பேச்சுக்குல்லா ஒத்திகை பாத்துட்டு இருந்தே! வண்டியில ஏறு."

எக்கோ பரிசோதனையில் உண்மை தெரிந்தது. வால்வைத் தைத்த விளிம்பில் சிறு இடைவெளி. அதன் வழியே இரத்தம் சீறிப் பாய்ந்ததில் சிவப்பணுக்கள் கிழிந்து சிதைந்தன. சிதைந்த அணுக்களின் சாயமே என் கண்ணில் ஏறியிருந்தது. மறுபடி நெஞ்சைத் திறந்தால் உடல் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். தொடை வழியாகக் குழாய் செலுத்தி அடைத்துப் பார்ப்போம், அதிலும் முடியாவிட்டால் வேறு வழியில்லை என்றார்.

சிகிச்சை அறைக்கு வெளியே ஜோயல் கண்ணீரோடு ஜெபித்தானாம். எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அடைப்பு பொருந்திற்று. நெஞ்சைத் திறக்கவில்லை. சில வாரங்களில் இரத்தம் ஊறியது, கண் தெளிந்தது.

என் வழக்கை ஆண்டவர் கேட்டார். பதிலை ஜோயலின் கையில் கொடுத்தனுப்பினார். இன்று அவன் பெயரை முதலில் சொல்லியே ஜெபிக்கிறேன், சில நாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டாவது.

பிரியமானவர்களே, உங்களிலும் யாரையேனும் பார்த்து எரிகிறவர்கள் இருப்பீர்கள். மனம் தூய்மையாகட்டும், பிறகு ஜெபிப்போம் என்று காத்திராதீர்கள். அந்த எரிச்சலோடேயே முழங்காலிடுங்கள். அப்படி வந்தவனைத்தான் அவர் உயிரோடு உங்கள் முன் நிறுத்தியிருக்கிறார்.