நின்றுபோன விசிறியில் மூன்று துடிப்பு

2008-ஆம் வருடம், சித்திரை வெயில். அவனியாபுரத்தைத் தாண்டி இருந்த ஒரு நூற்பாலைக்கு சென்சார் பொருத்தும் வேலையாகப் போயிருந்தேன். இயந்திரங்களின் அதிர்வை அளந்து, வயரே இல்லாமல் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சின்னப் பெட்டிகள் அவை. பேரிங் தேய ஆரம்பித்தாலே திரையில் தெரிந்துவிடும். எங்கள் சிறிய கம்பெனிக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். எதுவும் சொதப்பிவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பதற்றம்.

அன்று பகலில், ஆலைக்குள் காற்றை அனுப்பும் ராட்சத விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஆள் நுழையும் அளவுள்ள அதன் இரும்புக் கூட்டுக்குள் படிந்த பஞ்சுத் தூசியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேலை முடிந்துவிட்டது என்றார்கள். நின்ற விசிறிக்குத் திரையில் கோடு நேராகத்தான் ஓட வேண்டும். ஆனால் நடுநடுவே துடித்தது. சிக்னல் கோளாறு என்று நினைத்தேன். ஆபீஸில் என் பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் பார்த்துவிடக் கூடாதே என்று திரையை வேறு இயந்திரத்துக்கு மாற்றிவிட்டேன்.

கால் மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் மறுபடி பார்த்தேன். மூன்று துடிப்பு. கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் மூன்று. கோளாறு இப்படி எண்ணி எண்ணியா வரும்?

"அண்ணே, ஃபேனுக்குள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வெளிய வந்துட்டாங்கம்மா. கதவச் சாத்தியாச்சு. இப்பப் போட்டுருவாங்க."

ஃபேன் ரூமுக்குப் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். கொதிக்கிற சிமென்ட் தரை உறைக்கவே இல்லை. "போடாதீங்க! போடாதீங்க!" என்று கத்தியது பக்கத்து ஷெட்டின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஸ்விட்ச் அருகே நின்றவர் கையை நீட்டிவிட்டார். பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

கதவைத் திறந்ததும், தலை முழுக்கப் பஞ்சோடு ஓர் அக்கா தவழ்ந்து வெளியே வந்தார். கையில் சுரண்டும் கம்பி. கடைசி மூலையில் இருந்தவரைக் கவனிக்காமல் சாத்திவிட்டிருக்கிறார்கள்.

"எம்புட்டு நேரமாத் தட்டுறேன்... ஒருத்தருக்குமா கேக்கல?"

முதலாளி ஓடிவந்து, உங்கள் மெஷின் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று புகழ்ந்தார். எல்லோரும் கலைந்த பிறகு அந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கால் மணி நேரம் முன்பே பார்த்துவிட்டேன், கோளாறு என்று விட்டுவிட்டேன் என்று.

அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இனிமே தெரிஞ்சா உடனே ஓடியாந்துரு தாயி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று நான் மறைத்த அந்தக் கால் மணி நேரமும் ஒருவர் இருட்டில் தட்டிக்கொண்டே இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அதனால்தான், புரியாத எதையும் எனக்குப் புரியவில்லை என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.