கோழிச்சோறும் பால்குடமும்

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். இடம் கிடைத்தது. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம். அக்டோபரில் என்னை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டபோது அம்மா சொன்னது இதுதான்.

"தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் வெரதம். வேண்டுதல் உனக்காக. நான் மட்டும் இருந்தா பத்தாது, நீயும் சைவமா இருக்கணும். சரியா?"

சரி என்றேன். வீட்டில் பேச எனக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. வெளியில்தான் வாய் வராது.

வாய் வராது என்றால் கொஞ்சநஞ்சமல்ல. முதல் இரண்டு மாதம் நான் கேன்டீன் பக்கமே போகவில்லை. வரிசையில் நின்று, கடைக்காரரிடம் இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே, அந்தப் பயம். ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்கி வைத்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று சின்ன வயதில் அம்மா திட்டுவார். அங்கே அப்படித் திட்டக்கூட ஆளில்லை.

டிசம்பரில் விரதம் தொடங்கியது. அதே வாரம் ஒரு குழு வேலைக்காக என்னை இரண்டு பெண்களோடு சேர்த்தார்கள். ஒருத்தி கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண், இன்னொருத்தி ஈப்போ சீனப் பெண். புதன்கிழமை வேலை முடிந்ததும் மலாய்ப் பெண் என் தோளைத் தட்டி, "ஜோம், வா, சாப்பிடப் போகலாம்" என்றாள். யாராவது என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அசடு. கேன்டீனில் நாங்கள் உட்கார்ந்ததும் அவளே போய் மூன்று தட்டு கோழிச்சோறு வாங்கிவந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

நான் விரதம், காய்கறி மட்டும்தான் சாப்பிடுவேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மலாயில் நாலைந்து சொல். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் ஏ எடுத்தவள் நான். ஆனால் சொன்னால் அவள் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும், தட்டு வீணாகும், இவள் பெரிய தொல்லை என்று அடுத்த புதன் கூப்பிடமாட்டார்கள். இப்படி யோசித்துக்கொண்டே கோழியை வாயில் வைத்துவிட்டேன். ருசியாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று சாயங்காலம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து அம்மா போன் செய்தார். "என்னா சாப்ட்ட?"

"சோறு, கீரை, சோயா தவ்ஃபூ."

"சமத்து."

அடுத்த புதனும் கூப்பிட்டார்கள். அடுத்த புதனும் கோழிச்சோறுதான். முதல் தடவை சொல்லாததை இரண்டாம் தடவை எப்படிச் சொல்வது? விரதம் முடிகிறவரை வாராவாரம் தின்றேன், வாராவாரம் கீரையும் தவ்ஃபூவும் என்று போனில் பொய் சொன்னேன்.

தைப்பூசத்தன்றும் அப்பாவுக்குத் துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் வேலை இருந்தது. அம்மாவோடு நான்தான் போனேன். ஆற்றங்கரையில் அம்மா மஞ்சள் சேலையில், பாலை ஊற்றிக் குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டார். கூட்டம் நகரவே இல்லை. காலை வெயில் அப்போதே சுட்டது. வெறுங்காலோடு தார்ச்சாலையில் மூன்று மணி நேரம், அப்புறம் படிகள். அம்மாவுக்கு வலது முட்டி வலி உண்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினார். குடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மேலே ஐயர் துணியை அவிழ்த்தார். பால் திரிந்து கட்டி கட்டியாக நின்றது. "வெயிலும்மா, பரவால்ல" என்று குடத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவர் குடத்துக்குக் கை நீட்டினார்.

விரதத்தில் குறை இருந்தால் பால் திரியும் என்பது எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வது. அம்மா திரும்பிப் படி இறங்கினார். பாதிப் படி இறங்கியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்மேலதான் தப்பு. அன்னைக்கு வேலையிடத்துக் கேன்டீன்ல சைவ நூடுல்ஸ்தான்னு கேட்டு வாங்குனேன் லா. எறா பெரட்டுன சட்டியிலயே பெரட்டியிருப்பான். பசின்னு தின்னுட்டேன். நீ சின்னப்புள்ள, வெளிய தங்கியே ஒழுங்கா இருந்திருக்க. எனக்குத்தான் வாயக் கட்டத் துப்பில்ல."

நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்தேன்? ஒன்றுமில்லை. வெயிலில் பால் திரியத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி மலாய்ப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானே வருஷத்துக்கு ஒரு மாசம் நோன்பு இருக்கிறவள். எனக்கா புரியாது? அந்தக் கடைக்கு ரெண்டு கடை தள்ளிச் சைவக்கடை இருக்கு" என்றாள். அப்புறம், கேட்காமல் வாங்கித் தந்ததற்கு அவளே என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அது இன்னும் கேவலமாக இருந்தது.

அவளிடம் சொன்னதற்குப் பிறகு எனக்கு மெல்ல வாய் வந்தது. இரண்டாம் செமஸ்டரில் வகுப்பு முன்னால் நின்று பேசினேன். கேன்டீனில் வேண்டாததை வேண்டாம் என்று சொல்லப் பழகினேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. வாரக்கடைசி ஒவ்வொன்றும் சொல்லிவிடுவதென்று பஸ் ஏறுவேன். வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டு நிற்பார். தின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

அடுத்த தைப்பூசத்துக்கு அம்மா மறுபடி குடம் எடுத்தார். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாளும் வேலையிடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை, எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோனார். நானும் ஒழுங்காக இருந்தேன். மேலே துணியை அவிழ்த்தபோது பால் பாலாகவே இருந்தது. ஐயர் அதை முருகனுக்கு ஊற்றினார். அம்மா என் பக்கம் திரும்பினார். ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு.

"பாத்தியா? இந்தத் தடவ நான் சுத்தமா இருந்திருக்கேன்."

"ஆமாம்மா" என்றேன்.