என் மகளின் கால்கள் உணர்விழந்த காலையில்

அன்றைக்குக் காலையில் என் மகள் படுக்கையிலிருந்து, "அம்மா, எனக்க கால நீ பிடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். நான் அவள் காலைத் தொடவே இல்லை. வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்குக் கால் இருக்கிற இடமே தெரியவில்லை.

ஆண்டவருடைய பிள்ளைகளே, இதைச் சொல்லுவது எனக்கு இப்போதும் லேசாக இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஜெபிஷா. போன வருஷம் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கபடி என்றால் அவளுக்கு உயிர். ஜூலை மாதத்தில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி நடக்கும்போது எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் இவளைப் பிடிக்க, எல்லோரும் இவள்மேல் விழுந்துவிட்டார்கள். முதுகு மடங்கிப்போனது. இரண்டு காலிலும் கரண்ட் அடித்த மாதிரி இருந்ததாம். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்துவிட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை என்றார்கள். வலிக்கு மாத்திரை தந்தார்கள். நானும் நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மறுநாள் விடிந்ததும்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரருடைய அக்காள் ஓடி வந்தார்கள். நரம்பு பிசகியிருக்கும், வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகிவிடும் என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள். ஆட்டோவும் வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கப் போனோம். எனக்கு எதுவும் ஓடவில்லை. "ஆண்டவரே, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல்லியே" என்று மட்டும் சொன்னேன். அதுதான் நான் செய்த ஜெபம்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். சுதா என்று பெயர். நம் சபைக்காரர் அல்ல, ஐயாவழிக் குடும்பம். முந்தின நாள் பிள்ளைக்குக் காலில் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது என்றது அவருக்கு மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததாம். எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன்.

"அக்கா, பிள்ளையத் தூக்காண்டாம். உக்கார வைக்காண்டாம். தலையும் முதுகும் அசையாம அப்படியே கெடக்கட்டும். நான் ஆம்புலன்சு விளிக்கேன்" என்றார்.

நாங்கள் கையை எடுத்துவிட்டோம். ஆம்புலன்சில் வந்தவர்கள் கழுத்தில் பட்டை போட்டு, பலகையில் வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். சுதா டீச்சரும் கூடவே வந்தார். வழி நெடுக ஜெபிஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயப்படுவது அவளுக்குத் தெரியக்கூடாது என்று சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சிறு பிள்ளைகளின் முதுகெலும்பு வளைந்து பழையபடி திரும்பிவிடும், உள்ளே இருக்கிற தண்டுவடம் அந்த அளவுக்கு இழுபடாது என்றார். எலும்பு உடையாமலே அது அடிபட்டு வீங்கியிருக்கிறது, அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றார். அசைக்காமல் கொண்டுவந்தது நல்லது, தடவியிருந்தால் இன்னும் கெட்டுப்போயிருக்கலாம் என்றும் சொன்னார். நடப்பாளா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாதம்மா என்றார்.

அந்த நாட்களை எப்படிச் சொல்லுவேன்? சிறுநீர் தானாகப் போகவில்லை, குழாய் வைத்திருந்தார்கள். காலைத் தொட்டால் கட்டையைத் தொடுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் லீவு கிடைக்காமல் போனில் அழுதார். போதகர் ஐயா வந்து ஜெபித்தார். சபையில் உபவாசம் இருந்தார்கள். நானோ கண்ணை மூடினால் சக்கர நாற்காலியைத்தான் பார்த்தேன். ஜெபிக்கக்கூடப் பயமாக இருந்தது. கேட்டுக் கிடைக்காமல் போனால்?

ஒருநாள் மத்தியானம் ஜெபிஷா என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நான் நடக்கல்லன்னா நீ ஆண்டவர்கிட்ட பேசாம இருந்திருவியா?" என்று கேட்டாள்.

என் உள்ளத்தில் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். "இல்ல மக்களே, பேசுவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே உண்மையானது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு முதல் தடவையாக வாய்விட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது, இவள் எப்படி இருந்தாலும் எங்களை விட்டுவிடாதேயும் என்று கேட்டேன். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் நர்ஸ் தங்கச்சி அவள் காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. ஜெபிஷா முகத்தைச் சுளித்தாள். "தண்ணி சூடா இருக்கு" என்றாள். நர்ஸ் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. திரும்பவும் துணியை வைத்தது. "சுடுதுன்னு சொல்லுதேன்லா" என்றாள் என் மகள்.

பிறகு பெருவிரல் அசைந்தது. மாதக்கணக்கில் முதுகில் பெல்ட் போட்டிருந்தாள். நடக்கப் பழக்கும் பயிற்சியில் வலி தாங்காமல் அழுதாள், என்னைத் திட்டினாள். இப்போது நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். களைத்துப் போனால் இடது கால் கொஞ்சம் இழுக்கும். கபடி விளையாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக இன்னும் வருத்தப்படுகிறாள். அந்த வருத்தத்தையும் ஆண்டவரிடம் சொல்லத்தான் செய்கிறோம்.

சுதா டீச்சர் அன்றைக்கு ஏன் போன் செய்தார் என்று யாராவது கேட்டால், என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. என் அரைகுறை ஜெபம் முடியும் முன்னே ஆண்டவர் கேட்டுவிட்டார். டாக்டர் கையிலும், நர்ஸ் கையிலும், பயிற்சி தந்தவர் கையிலும் அவருடைய கையைக் கண்டேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை விழுந்தெழுந்து கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் லேசாக விடாதீர்கள். அசைக்காமல் வைத்து உதவியைக் கூப்பிடுங்கள். கூடவே ஆண்டவரையும் கூப்பிடுங்கள். பயம் தீர்ந்த பிறகு நம்பலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடேயே கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.