ஐந்தாவது கிலோமீட்டர்

விமான நிலையத்தில் எல்லோரும் அவரை மேகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மொட்டை மாடியில் நின்று, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் இரண்டு கிலோமீட்டர். செங்கல் சூளைப் புகைபோக்கி தெரிந்தால் மூன்று. மாவு மில் நான்கு. செல்போன் கோபுரம் நிற்கும் குன்று தெரிந்தால் ஐந்து. ஐந்து இருந்தால்தான் விமானம் இறங்கலாம்.

மூடுபனியிலும் விமானத்துக்கு வழிகாட்டி இறக்கும் கருவி உண்டு. அது இருந்தால் ஒரு கிலோமீட்டரே போதும். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நிலையம் கட்டியவர்கள் முதல் கட்டத்தில் நானூறு பேர் உட்காரும் கண்ணாடிக் கூடம் கட்டினார்கள். வாரம் மூன்று நாள் வரும் விமானத்தில் இருப்பதோ நாற்பது இருக்கை. கூடத்துக்கு முன்னால் நீரூற்று வேறு. கருவி இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. ஓடுபாதை ஓரத்துப் புல்லில் நிற்கும் கருவிக் கம்பிகளின் பக்கத்தில் நின்று எந்தப் பெரிய மனிதர் படம் எடுத்துக்கொள்வார்? மேகக்கா ஆறு ஆண்டுகளாக அந்தக் கருவியைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் கட்டம்னா அடுத்த ஜென்மம்க்கா" என்பார் தீயணைப்பு வண்டி ஓட்டுநர்.

"எனக்கு அந்த நம்பிக்கையும் கெடையாதேப்பா."

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கணவர், லாரி மெக்கானிக், நுரையீரல் கெட்டு அரசு மருத்துவமனையில் கிடந்தார். "இன்னிக்கோ நாளைக்கோம்மா. யாரையாவது வரச் சொல்லணும்னா சொல்லிடுங்க" என்றார் டாக்டர். ஒரே மகள் தலைநகரில் வேலை பார்த்தாள். ரயிலில் பத்தொன்பது மணி நேரம், விமானத்தில் ஒன்றரை. மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாள்.

மேகக்காவால் விடுப்பு எடுக்க முடியாது. அவருக்கு மாற்றாக இன்னொருவரை நியமிக்கவே இல்லை. பார்க்க ஆள் இல்லையென்றால் விமானம் இறங்காது. விடிகாலையில் கணவரின் காதருகே குனிந்தார்.

"பாப்பாவ எறக்கிக் கையோட கூட்டிட்டு வந்துடுறேன்."

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவர், "நீயா ஓட்டப் போற?" என்று கேட்டார்.

எட்டே முக்காலுக்கு விமானத்தின் சத்தம் தலைக்கு மேல் கேட்டது. கீழே பனி. மாவு மில் தெரிந்தது. அதற்கப்பால் வெள்ளைத் துணி கட்டியதுபோல ஒன்றுமில்லை. விமானம் வட்டமடித்தது. மகள் அதற்குள் இருப்பது கட்டுப்பாட்டு அறை அதிகாரிக்கும் தெரியும். போனில் கேட்டார்:

"அக்கா, இன்னொரு தடவ பாருங்க. குன்று லேசா தெரியுற மாதிரி இல்ல?"

மேகக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"தெரியுற மாதிரிதான் சார் இருக்கு. தெரியல."

"பாப்பா உள்ள இருக்காக்கா..."

"அதுக்குத்தான் சார் சொல்றேன். நாலுன்னே எழுதிக்குங்க."

மூன்றாவது வட்டத்துக்குப் பிறகு சத்தம் தேய்ந்து போய்விட்டது. கால் மணி நேரத்தில் வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்தாள். குன்று பத்தரைக்குத் தெரிந்தது.

மகள் மறுநாள் காலை ரயிலில் வந்தாள். மருத்துவமனைப் பிணவறை வாசலில், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்:

"ஒரு கிலோமீட்டர்மா. ஒரே ஒரு கிலோமீட்டர் பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாப்பது பேரு மேல இருந்தீங்கடி."

"அப்பா ஒருத்தர்தானே இருந்தாரு."

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அன்று வேறோர் ஊரில் வேறொரு கண்ணாடிக் கூடத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

கையெழுத்து வாங்கக் காகிதத்தோடு வந்த நர்ஸிடம் மகள் திரும்பினாள். "கடைசியா எங்கப்பா ஏதாவது பேசினாருங்களா?"

"பேசினாரும்மா. 'எறங்கிருச்சா, எறங்கிருச்சா'ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. டிரிப்ஸத்தான் கேக்குறாருன்னு நெனச்சு, 'எறங்கிருச்சுய்யா, நிம்மதியா தூங்குங்க'ன்னேன். சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

மகள் அப்போதுதான் பெட்டியைக் கீழே வைத்தாள்.