மாமி கேட்டு வாங்கி வந்த அழுக்கு

போன கிழமை குருநாகலில் இருக்கும் மகள் ஒரு கடையில் நின்றுகொண்டே அழைத்தாள். மீன் தொட்டி வாங்கிவிட்டாளாம். "உம்மா, ஃபில்டர் எத எடுக்க? கடக்காரர் பெரிய டப்பா ஒண்டக் காட்டுறார்." காற்றில் ஓடுகிற சின்னப் பஞ்சு ஃபில்டர் போதும் என்றேன். "அது பழைய காலத்துச் சாமான்" என்று சிரித்தாள். கடைசியில் பஞ்சையே வாங்கிக்கொண்டு போனாள். எனக்கோ, பாவித்த பஞ்சைப் பிழியும்போது வருகிற வாசம் மூக்கில் ஏறிவிட்டது. நாற்றம் என்று நினைக்காதீர்கள். மழை விட்டபின் குளத்தோரம் வருமே, அந்த மண்வாசம்.

கல்யாணம் முடித்த புதிதில் பாலாவியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். இவருக்குப் புத்தளத்தில் மின்சாரச் சாமான் கடை. இவர் அதிகம் கதைக்கிற ஆளில்லை. எனக்கோ வகுப்பில் கதைத்துக் கதைத்து வீட்டிலும் வாய் ஓயாது. ஒருநாள் பின்னேரம் இவர் ஒரு கண்ணாடித் தொட்டியை அணைத்துப் பிடித்தபடி முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கினார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வீட்டுக்கு" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைவெள்ளையாகப் படியும். அதில் கப்பி மீன் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். சண்டை ஃபில்டரில்தான் வந்தது. தொட்டியின் விளிம்பில் தொங்கி, தண்ணீரை அருவி போலக் கொட்டும் ஒன்று இவருக்குப் பிடித்திருந்தது. பாலாவியில் கரண்ட் போகிற சீருக்கு அந்த அருவி பாதி நேரம் வற்றித்தான் கிடக்கும் என்றேன். பஞ்சு என்றால் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், மோட்டார் நின்றாலும் கொஞ்ச நேரம் தாங்கும். கல்யாணமாகி முதல் தடவையாக அன்றுதான் இவர் என்னோடு தொடர்ந்து அரை மணித்தியாலம் கதைத்தார். அதற்காகவே இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்தேன். பிறகு பஞ்சுதான் வந்தது.

புதுத் தொட்டியில் உடனே மீனை விடக்கூடாது. மீன் கழிக்கிறதும் சாப்பாட்டு மிச்சமும் தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் பஞ்சில் குடியேற வேண்டும். அவை வருவதற்கு ஏதாவது அழுக வேண்டும். ஆகவே, மீனில்லாத தொட்டிக்கு நான் தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போட்டேன். வீட்டுக்கு வந்தவர்கள் தொட்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "டீச்சர், மீன் எங்க?" "வரும்." பக்கத்து வீட்டில் என்னைப் பற்றி என்ன கதைத்தார்களோ தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு கதிரையைப் போட்டு அந்த வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் நஞ்சு இருக்கிறதென்று முதலில் பச்சை காட்டும். கிழமைகள் போக அது மஞ்சளானது. இன்னொரு மருந்து ஊதா காட்டியது, அதுவும் நஞ்சு தீர்ந்து நீலமானது. நீலத்தைப் பார்த்த அன்று இவர் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கப்பி வாங்கி வந்தார்.

அந்தக் கிழமைதான் மாமி கல்பிட்டியிலிருந்து வந்து நின்றார். இவருடைய உம்மா. துப்புரவென்றால் அப்படியொரு துப்புரவு. வந்தால் என் சட்டி பானை எல்லாம் புதிது போலாகிவிடும். நான் பாடசாலை விட்டு வருகிறேன், தொட்டியில் பஞ்சைக் காணவில்லை. கொல்லை மதிலில் மஞ்சள் நிறத்தில், வாங்கிய அன்று இருந்தது போல, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஊத்தையா இருந்திச்சி புள்ள. கிணத்தடியில நல்லாக் கசக்கினேன். சவுக்காரம் மீனுக்குக் கூடாதெண்டு போடல்ல."

எனக்கு அழுகை வந்தது. "நல்லம் மாமி" என்றேன். புது மருமகள் வேறென்ன சொல்வாள்?

அடுத்த நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தண்ணீரை மாற்றினேன், சாப்பாட்டை நிறுத்தினேன். அப்படியும் இரண்டு செத்தன. பார்த்துக்கொண்டிருந்த மாமி இவரிடம் கேட்டார்.

"என்ன மகன், மீன் இப்பிடிக் கிடக்குது?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று கண்ணைக் காட்டினேன். ஆனால் இவருக்குப் பொய் வராது. "உம்மா, அந்த ஊத்தையிலதான் மீனுக்கு உசிரே" என்றார்.

மாமி குனிந்து தொட்டியை ஒருமுறை பார்த்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூடி போட்ட ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு, சந்திக்குப் போய்க் கல்பிட்டி பஸ்ஸில் ஏறிவிட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். பகல் நான் சோறு ஆக்கவில்லை. இவரும் கடைக்குப் போகவில்லை.

பொழுது சாய மாமி திரும்பி வந்தார். வாளியைத் தொட்டியடியில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று ஒரு பழைய பஞ்சு தண்ணீரில் மிதந்தது.

"எங்கட பக்கத்து வீட்டு மெரில்டாட தொட்டியில இருந்தது. கழுவாமத் தா எண்டு கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு. நானாவது ஊத்தை கேட்டு வாறதாவது எண்டு." பிறகு மெல்லச் சொன்னார்: "பஸ்ஸில எல்லாரும் மூக்கப் பொத்தினாங்க. நான் மடியிலதான் வெச்சிருந்தேன்."

அந்தப் பஞ்சைத் தொட்டியில் போட்டோம். சில நாளில் தண்ணீர் தெளிந்தது. மிச்சமிருந்த கப்பிகள் பெருகிப் பாலாவியில் பாதி வீடுகளுக்குப் போயின.

அதற்குப் பிறகு மாமி வந்தால், எதையும் தொடுவதற்கு முன் என்னைத் தேடி வருவார். கேத்தலாக இருந்தாலும் சரி, என் பாடசாலைப் பையாக இருந்தாலும் சரி, கையில் தூக்கிக்கொண்டு வந்து, "இதக் கழுவலாமா புள்ள?" என்று முழு அக்கறையோடு கேட்பார். நானும் யோசித்துப் பார்த்துத்தான், "ஓம் மாமி, கழுவலாம்" என்பேன்.

பாலாவி வீட்டை உடைத்து லொறி நிறுத்துகிறார்கள். மெரில்டா அக்கா குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டார். மாமி மௌத்தாகி, அடக்கம் செய்தும் கனகாலம். இப்போது சொந்த வீட்டில், நான் நினைத்தபோது நினைத்ததைக் கழுவுகிறேன். கழுவலாமா என்று கேட்டு யாரும் வருவதில்லை.