தம்பி காட்ட நினைத்த சூரியன்

போன வருடம் பங்குனி மாதம், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் தம்பியின் பண்ணைவீட்டு மொட்டைமாடியில் நடந்தது இது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் பரமத்தி வேலூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவருக்கு வெற்றிலைக் கொடிக்கால். தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். பொறியியல் படித்துவிட்டு, அப்பா விட்டுப்போன முட்டைக்கோழிப் பண்ணையை எடுத்து நடத்துகிறான். மோட்டார் ரிப்பேர் என்றால் ஆள் கூப்பிட மாட்டான், தானே பிரித்து மாட்டிவிடுவான். அவ்வளவு கெட்டிக்காரன். படிக்காத சனங்கள்தான் இப்படியெல்லாம் ஏமாறும் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் கோழிகளுக்கு நோய் வந்து அவன் கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. வேலையில்லாத அந்த மாதங்களில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அந்தக் குரல் அவனுக்குக் கிடைத்தது. முகம் காட்டாமல், நல்ல தமிழில், பொறுமையாகப் பேசும் ஒரு குரல். பூமி தட்டை, படித்ததெல்லாம் பொய், உன் கண்ணை மட்டும் நம்பு என்று சொல்லும் வீடியோக்கள். அவற்றைப் பார்ப்பவர்களுக்கென்று போனில் ஒரு குரூப்பும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஏக்கா, பூமி உருண்டைன்னு நீ கண்ணுல பாத்தியா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் எங்களுக்கு நிம்மதியாகப் போனதில்லை.

அவனுக்குப் பிடித்த விஷயம் சூரியன் மறைவது. ஒருநாள் சாயங்காலம் என்னைக் காரில் நாமக்கல் கூட்டிப்போனான். நெடுஞ்சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வரிசையாக நின்ற விளக்குக் கம்பங்களைக் காட்டினான்.

"பக்கத்துல இருக்கற லைட்டு ஒசரத்துல தெரியுது. தூரம் போகப்போக எறங்கிக்கிட்டே போயி ரோட்டத் தொடுதா இல்லியா? எல்லாக் கம்பமும் ஒரே ஒசரந்தானே? பொழுதும் அப்படித்தான். அது எங்கயும் கீழ போறதில்ல. தள்ளிப் போகுது, நம்ம பார்வைக்கு எறங்கற மாதிரி தெரியுது."

நன்றாகத்தான் யோசித்திருந்தான். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் கைதட்டச் சொல்லியிருப்பேன். "சரி, தூரத்து லைட்டு எறங்குது. சிறுசாவும் ஆகுதில்ல? பொழுது எறங்கறப்ப சிறுசாகுதா?" என்று கேட்டேன். வண்டியை எடுத்துவிட்டான். அடுத்த வாரம் பதிலோடு வந்தான். சூரியன் சிறியதாகத்தான் ஆகிறதாம், கண் கூசுவதால் நமக்குத் தெரிவதில்லையாம்.

சரி, கூசாமல் காட்டுகிறேன் என்று நான் இறங்கினேன். அவன் பண்ணையிலேயே கிடந்த பத்தடி பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அலுமினியத் தாளால் மூடி ஊசியால் சின்னதாக ஒரு துளை போட்டேன். மறுமுனையில் டிரேசிங் பேப்பர். குழாயைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் பேப்பரில் ஒரு வட்டம் விழும், அதுதான் சூரியனின் உருவம். யாரும் சூரியனைப் பார்க்கவே வேண்டியதில்லை. உச்சிப்பொழுதில் அவனையே பென்சிலால் அந்த வட்டத்தைச் சுற்றி வரையச் சொன்னேன். சாயங்காலம், திருச்செங்கோடு பக்கத்து மலைக்கு ஒரு முழம் மேலே சூரியன் நிற்கும்போது மறுபடி பிடித்தோம். அவன் சொல்வது உண்மையானால் வட்டம் பாதிக்குப் பாதி சுருங்கியிருக்க வேண்டும். பென்சில் கோட்டுக்குள் அச்சாகப் பொருந்தி நின்றது.

தம்பி குழாயைக் கொஞ்சம் அசைத்து, வட்டத்தைக் கோட்டோடு மறுபடி பொருத்திப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "சாயங்காலத்துல காத்து லென்சு மாதிரி பெருசாக்கிக் காட்டுது" என்றான்.

"சிறுசாகற அளவு எவ்வளவோ, காத்து அச்சா அதே அளவுக்குப் பெருசாக்குதா? தெனமும்? எல்லா ஊர்லயும்?"

"ஆமாங்கறேன்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குழாயை அங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். தப்பாகப் புரிந்துகொண்டவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். புரிந்த பிறகும் அந்தப் பக்கமே நிற்பேன் என்பவனை என்ன செய்வது?

இதைவிட ஆத்திரம் மூட்டியவர்கள் எங்கள் உறவினர்கள். "அக்காளும் தம்பியும் இதுக்குப் போயி அடிச்சுக்கலாமா? அவன் சொல்றதுலயும் ஏதோ இருக்கும், நீ சொல்றதுலயும் ஏதோ இருக்கும்" என்றார் பெரியப்பா. என் கணவரோ, "உருண்டையோ தட்டையோ, கொடிக்காலுக்குத் தண்ணி பாயுதில்ல, உடு" என்றார். யாருக்கும் கெட்டவராக விருப்பமில்லை. ஒருவன் கண்ணெதிரே கிணற்றை நோக்கி நடக்கிறான், இவர்கள் அவன் மனம் நோகக்கூடாது என்று பார்க்கிறார்கள்.

அந்தக் குரல் அடுத்ததாக ஒரு வீடியோ போட்டது. மறைந்த சூரியன் உண்மையில் மறைவதில்லை, நல்ல தொலைநோக்கியால் பார்த்தால் திரும்பக் கிடைக்கும், நீங்களே பார்த்து எனக்கு எழுதுங்கள் என்று. தம்பி தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தான். தெரிந்தவுடன் போனில் சத்தம் போட்டேன். அதைச் சூரியன் பக்கம் திருப்பினால் கண் வெந்துபோகும் என்றேன்.

"மறைஞ்ச பொறகுதானேக்கா பாக்கப் போறேன். மறைஞ்ச பொழுது கண்ண என்ன பண்ணும்?" என்றான்.

அவன் மனைவியிடமும் சொல்லிவைத்தேன். "நான் சொன்னா எங்கீங்க அண்ணி கேக்கறாங்க" என்றாள் பாவம்.

பங்குனியில் அவர்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, ஊரே கூடும் திருவிழா. உறவினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாயங்காலம் சமையல்கட்டில் பலகாரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். மேலே மாடியிலிருந்து பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. எல்லோரையும் காபிக்குக் கூப்பிடலாம் என்று படியேறினேன்.

மேற்குப் பார்த்துத் தொலைநோக்கி நின்றுகொண்டிருந்தது. மலை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே சூரியன் செக்கச்செவேல் என்று இருந்தது. இன்னும் முழுசாக இருந்தது. பெரியவர்கள் சுற்றி நிற்க, தம்பி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய எட்டு வயது மகள் ஒரு முக்காலி மேல் ஏறி, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, குனிந்து மறு கண்ணை அந்தக் குழலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். "பாப்பா மொதல்ல பாக்கட்டும்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. குழந்தையை இடுப்போடு அள்ளி இழுத்தேன். என் கால் தட்டித் தொலைநோக்கி சரிந்து விழுந்தது. குழந்தை அலறினாள். அவளை இறக்கிவிட்டுத் திரும்பி, என் தம்பியின் கன்னத்தில் அறைந்தேன். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. அவன் மகள் பார்க்க, மாமன் மச்சான் எல்லோரும் பார்க்க அறைந்தேன். சிறு வயதில்கூட அவனை நான் அடித்ததில்லை.

"நோம்பி நாளும் அதுவுமா என்ன புள்ள இது?" என்று பெரியப்பா என் மேல் பாய்ந்தார். அந்த நேரத்திலும் தப்பு என்னுடையதாகத்தான் அவருக்குத் தெரிந்தது. தம்பி திருப்பி ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தேன். பேசினால் இன்னொன்று வைக்கவும் தயாராக இருந்தேன். அவன் அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"பாப்பா பாத்துட்டாளா?" என்று கேட்டான். அவன் குரலில் இருந்த பயம் எனக்குப் புதிதாக இருந்தது.

"இல்ல. கண்ண வெக்கறதுக்குள்ள இழுத்துட்டேன். ஏன் கேக்கற?"

முகத்தை மகள் பக்கம் திருப்பினான். நான் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஏன்டா கேக்கற?" என்று மறுபடி கேட்டேன்.

"எனக்கு வலது கண்ணுல நடுவுல ஒரு புள்ளியாட்டம் மறைக்குதுக்கா. சுத்தி எல்லாம் தெரியுது. பாக்கற எடம் மட்டும் தெரிய மாட்டேங்குது. இடது கண்ண மூடிக்கிட்டு பாப்பாவப் பாத்தா மூஞ்சியக் காணம்."

அவன் மனைவி எப்போது படியேறி வந்தாளோ, என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அதானுங்களா நீங்க கடைசியாப் பாத்து அனுப்பற முட்டையில கீறல் உட்டதெல்லாம் நல்லதோட அட்டையில போயிட்டிருந்துச்சு? நான் வேலையாளுகளத் திட்டிட்டிருந்தேனே" என்றவள், அப்படியே சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள்.

சூரியன் மறைந்த பிறகுதான் பார்ப்பேன் என்று சொன்னவன், மறையும் இடத்தைத் தவறவிடக் கூடாதென்று மறைவதற்கு முன்பிருந்தே குழலில் அதைத் தொடர்ந்திருக்கிறான். பல நாட்கள். சிவந்துவிட்ட சூரியன் ஒன்றும் செய்யாது என்று அந்தக் குரல் சொல்லியிருந்ததாம். வலியே இல்லையாம், அதனால் அதுதான் காரணம் என்று நினைக்கவில்லையாம்.

"நெனைக்கலையா, நெனைக்க மனசு வல்லையா?" என்று கேட்டேன்.

மறுநாளே சேலத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். குழந்தையையும் காட்டினோம், அவளுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு விழித்திரையின் நடுப்பகுதி வெந்திருந்தது. அந்த இடத்தில் வலி தெரியாது என்பதால்தான் ஆட்கள் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். மருந்து கிடையாது, சில மாதங்களில் கொஞ்சம் தெளியலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். இவனைப் போல வேறு யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். கிரகண சமயங்களில் வருவார்கள், இப்படித் தினமும் பார்த்தவர் இவர்தான் என்றார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்தால் அவனுக்கு எதிரில் இருந்த எதுவும் சரியாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, என் முகத்தைப் பார்க்காமல் மனம்விட்டுப் பேசினான்.

"நீ கொழாய் வெச்சுக் காட்டினியே, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சு போச்சுக்கா."

"பொறகு என்னத்துக்குடா லென்சு கிஞ்சுன்னு பேசின?"

"அந்தக் குரூப்புல எல்லாரும் என்னைய அண்ணா அண்ணாம்பாங்க. கோழி செத்து நான் கெடந்தப்ப தெனமும் காத்தால சாப்புட்டியான்னு கேட்டது அவங்கதான். அவங்கள உட்டுட்டு எங்க வாரது?"

அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் அவனிடம் கோழிக்கு என்ன தடுப்பூசி போட்டாய், காப்பீடு வருமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஊருக்கு வந்ததும் அவன் செய்த முதல் காரியம், அந்தக் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டது. எனக்குக் கண் இப்படி ஆகிவிட்டது, யாரும் தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்காதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள் என்று. பூமி உருண்டை என்றுகூட அவன் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஆள் விலைபோய்விட்டான், இவன் முதலிலிருந்தே உருண்டை என்பவர்கள் அனுப்பிய ஆள் என்று யாரோ எழுதினார்கள். அண்ணா என்று கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு அவனைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். போனை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு, எழுந்து கோழிகளுக்குத் தீவனம் போடப் போய்விட்டான்.

அந்த வீடியோவுக்குக் கீழே நான் போய் எழுதினேன். நாமக்கல் மாவட்டத்தில் ஒருவருக்குக் கண் போய்விட்டது, தயவுசெய்து பார்க்காதீர்கள் என்று மரியாதையாகத்தான் எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், அதையும் அழித்துவிட்டு என்னைத் தடை செய்துவிட்டார்கள். புகார் கொடுத்தும் பார்த்தேன். வீடியோ இன்னும் இருக்கிறது. அந்த மனிதர் யார், எந்த ஊர், இவனைப் போல இன்னும் எத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டுச் சாயங்காலங்களில் மாடி ஏறினார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர் ஒருநாளும் தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்திருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு வருடமாகிறது. தம்பியின் கண்ணில் அந்தப் புள்ளி கொஞ்சம் சிறுத்திருக்கிறது, போகவில்லை. முட்டை பிரிக்கும் வேலையை அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள். பூமியைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவனுக்குப் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் குரல் மேல் இருக்கும் கோபம் எனக்கு ஆறாது, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் தம்பி தனியாகக் கிடந்த காலத்தில், முகம் தெரியாதவர்கள் கேட்ட அந்தச் சின்னக் கேள்வியை அக்காவான நான் கேட்காமல் போனேனே என்று நினைக்கும்போதெல்லாம், அதே கோபம் என் பக்கமும் திரும்புகிறது.