கடைசி பெஞ்சுக்கு என்னை அனுப்பிய டீச்சர்

காளவாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையற்கார அம்மா என்னைப் பார்த்து அருகில் வந்தார். “அண்ணே, ஜெசிந்தா டீச்சர் போயிட்டாங்க. நேத்து நெஞ்சுவலியாம்,” என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இதைக் கேட்டு என் பேத்தி தேன்மொழி அழுவாளே, நான் செத்தால் இம்புட்டு அழுவாளா என்றுதான் தோன்றியது. டீச்சரை அறிந்த உங்களிடம் இதை மறைக்க என்ன இருக்கிறது?

தேன்மொழிக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும் என்று பெரியாஸ்பத்திரியில் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா மில்லுக்குப் போவதால் எல்லாம் நான்தான். மற்றப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் பெயர் கேட்டால் நான் சொல்வேன். மதியச் சோற்றை நான் ஊட்டுவேன். எனக்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்ற பயம் எந்நேரமும் இருந்தது. ஆனாலும் கையை விடமாட்டேன்.

ஜெசிந்தா டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் வரும் சிறப்பாசிரியர். படம் ஒட்டிய அட்டைகளை தேன்மொழி முன்னால் வரிசையாக வைத்தார். கை கழுவு, தட்டு எடு, சாப்பிடு. முடித்த அட்டையை அவளே திருப்பிப் போட வேண்டும். என் இடத்தில் நர்கிஸ் என்ற பிள்ளையை உட்காரவைத்தார். “ஐயா, நீங்க ஒரு பெஞ்சு பின்னாடி போங்க.” வாரம் ஒரு பெஞ்சு. கடைசி பெஞ்சு வந்ததும், “அடுத்து எங்க, ரோட்டுக்கா?” என்றேன். “நடுவுல வராண்டா இருக்குல்லங்கய்யா,” என்றார்.

அவர் வராத நாட்களில் நான் நர்கிஸை நகர்த்திவிட்டு மறுபடி ஊட்டினேன். மூன்று நாள். டீச்சர் வந்தபோது தேன்மொழி தட்டைத் தொடாமல், வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாத வேலை போயிற்று. டீச்சர் கோபப்படவில்லை. “பசிச்சா அவ கை தானா போகும். உங்களுக்குத்தான் பொறுக்கல,” என்றார். பிறகு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் ஒரு சிலேட்டையும், எழுதப் படிக்கத் தெரியாத என் மடியில் வைத்தார். “சும்மா இருந்தா அவளையே பாப்பீங்க. இதைப் பாருங்க.”

தேன்மொழி முதல்முறை தட்டை வழித்துச் சாப்பிட்டதை நான் பார்க்கவே இல்லை. ‘ழ’வுக்கு வளைவு போட்டுக்கொண்டிருந்தேன். “தாத்தா, எம்புட்டு சாப்பிட்டிருக்கா பாருங்க,” என்று நர்கிஸ்தான் சொன்னாள். எனக்கு ‘ழ’ வந்த சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு வருஷம் என்னால் முடியாததை இரண்டு நாள் வருகிறவர் முடித்துவிட்டாரே என்ற எரிச்சலும் தாங்கவில்லை. இந்த வரிகளை நானே எழுதுகிறேன், ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது. அதற்கும் அவர்தான் காரணம் என்பது இன்னும் எரிச்சல்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் படத்துக்குப் பூப் போட வரிசை நின்றது. தேன்மொழி தேம்பித் தேம்பி அழுதாள். துடைத்துவிட எழுந்தேன்.

“நீ உக்காரு தாத்தா. நான் வாரேன்,” என்றாள்.

முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு, முறை வந்ததும் பூவைப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் வகுப்புக்குப் போனாள்.

டீச்சர், நான் இல்லாத நாளிலும் இவள் சாப்பிடுவாள். அந்த நிம்மதியை எனக்குக் கொடுத்தது நீங்கள், நான் இல்லை. அந்தப் பொறாமையைத்தான் உங்கள் ஞாபகமாக வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.